சுப்பராயன் சாரின் பட ரிப்போர்ட்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு நாளைக்கு நாற்பது படங்களாவது வரும். பார்வையுள்ளவர்கள் அவற்றை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்குப் பார்வை கிடையாது. என் போனில் திரையை வாசிக்கும் குரல், படம் வந்தால் ‘போட்டோ’ என்று சொல்லும். அடுத்தது வந்தால் அதற்கும் ‘போட்டோ’. அது ரோஜாப்பூவோடு காலை வணக்கமா, கார் நிறுத்துமிடத்தில் பாம்பு புகுந்திருக்கிறது என்ற எச்சரிக்கையா என்பது அந்தக் குரலுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்படித்தான் போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, தலை நிறைய ஷாம்புவோடு நிற்கும்போது குழாயில் வெறும் காற்று வந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்களாம். அந்த அறிவிப்பை ஒரு தாளில் கையால் எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி, ஒட்டியதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எதற்காக எழுதியதைப் படமாக்கி அனுப்புகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். அதில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் வந்தன. ‘கூப்பிய கைகள், கூப்பிய கைகள்’ என்று என் போன் பதினேழு தடவை சொன்னது.

ஒரே ஒருத்தர்தான் கதவைத் தட்டினார். பக்கெட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“மூணாவது மாடி சுப்பராயன்மா. எங்க வீட்ல பிடிச்சு வெச்ச தண்ணி. குளிச்சுடுங்க. இனிமே படம் வந்தா அதுல என்ன இருக்குன்னு கீழேயே நான் எழுதிடறேன்.”

அப்படித்தான் அவர் எனக்குப் பழக்கமானார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வுப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். தயாராகி வரும் ஒவ்வொரு உதிரிப் பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல், வளைவு, துரு, எது இருந்தாலும் படிவத்தில் எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்பில் வீடு வாங்கினார். பார்க்க உதிரிப் பாகம் இல்லாமல், வாங்கிய வீட்டின் டைல்ஸில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்ததாக அவர் மனைவி சரசா மாமி சொன்னார். நான் கிடைத்தது மாமிக்குப் பெரிய நிம்மதி.

அவர் எழுதிய முதல் விவரணையை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ‘வகை: காகித அறிவிப்பு. அளவு: ஏ4. நிறம்: வெள்ளை, லேசான மஞ்சள். ஒட்டிய இடம்: லிஃப்ட் கதவுக்கு வலது புறம். நான்கு மூலைகளில் மூன்றில் மட்டும் டேப் உள்ளது. கீழே இடது மூலை பறக்கிறது. செய்தி: செவ்வாய் மாலை கொசு மருந்து அடிக்கப்படும், ஜன்னல்களை மூடவும்.’ செய்தி வருவதற்குள் கொசுவே கடித்துவிட்டுப் போய்விடும் போலிருந்தது.

“சார், டேப் பறக்கிறது இருக்கட்டும். எதுக்காகப் படம் போட்டாங்களோ அதை முதல்ல சொல்லுங்க. மிச்சத்தை அப்புறம் சொல்லுங்க” என்றேன்.

“படிவத்துல அந்த வரிசைலதான்மா இருக்கும்” என்றார். ஆனாலும் பழகிக்கொண்டார். அடுத்த மாதமே ஃபேஸ்புக்கில் படத்துக்கு விவரணை எழுத ஒரு பெட்டி இருப்பதைக் கண்டுபிடித்து, குடியிருப்பின் பக்கத்தில் இருந்த பழைய படங்களுக்கெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார். என் பார்வையற்ற நண்பர்கள் சிலர் அவருக்கு நேராகவே படங்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். மருந்துச் சீட்டு, மின்கட்டணத் தாள், மேனேஜர் அனுப்பிய வாழ்த்துப் படம், எது வந்தாலும் பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிடும். கம்ப்யூட்டரே படம் பார்த்துச் சொல்கிற செயலிகள் என்னிடமும் இருக்கின்றன. அவை ‘ஒரு மேஜை மீது உணவு’ என்று சொல்லும். சுப்பராயன் சார் மூன்று இட்லி, ஒன்று உடைந்தது, சட்னி தேங்காய் போலத் தெரிகிறது, மிளகாய்ப் பொடியில் எண்ணெய் போதவில்லை என்பார். எனக்கு இதுதான் வேண்டியிருந்தது.

வம்பு வந்தது கேக்கில்.

எங்கள் குடியிருப்பின் செயலாளர் ரேகா. அவர் மகள் ரோஷினியின் பிறந்தநாள் படம் குழுவில் வந்தது. கீழே சார் எழுதினார்: ‘ரோஷினியின் பிறந்தநாள் கேக். வட்டம், சாக்லேட் நிறம். பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் விளிம்பில் வழிகிறது. பின்புறம் யாரோ விரலால் கிரீமை வழித்த தடம் உள்ளது. ரோஷினியின் அப்பா வாயை மூடியபடி சிரிக்கிறார்.’ நான் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்த வீட்டை அதற்கு முன் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. ரேகாவோ அவரை லிஃப்டில் பிடித்துக்கொண்டு, “சின்னப் பொண்ணோட கேக்லகூட குறை கண்டுபிடிப்பீங்களா சார்?” என்று கேட்டுவிட்டார்.

மனுஷர் சுருங்கிப் போனார். அன்றிலிருந்து பொருள்களுக்கு மட்டும் பழைய ரிப்போர்ட். ஆட்கள் இருக்கும் படம் என்றால் எல்லோரும் அழகு. மணப்பெண் லட்சணம், மாப்பிள்ளை கம்பீரம், வயசானவர்கள் அத்தனை பேரும் கண்ணியமான பெரியவர்கள்.

“எல்லாரும் அழகா இருந்தா எனக்கு யாரையுமே தெரியாம போயிடும் சார்” என்று சண்டை போட்டேன்.

“பொருளுக்குக் குறை எழுதலாம்மா. மனுஷங்களுக்கு எழுத மாட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு தொழிலாளி மேலகூட நான் ரிப்போர்ட் எழுதினதில்ல.” அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை.

இந்த வருஷம் மே மாதத்தில், ஒரு வியாழக்கிழமை, என் அப்பா காணாமல் போனார்.

நைனா என்றுதான் அப்பாவைக் கூப்பிடுவேன். பெயர் அழகேசன், வயது எழுபத்தொன்று. பிறந்து வளர்ந்தது அம்பத்தூர். அம்மா போன பிறகு நானும் அவரும் மட்டும்தான். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் சேவை வேலை பார்க்கிறேன். அன்று காலை எட்டரைக்கு, “கடைத்தெரு வரிக்கும் போய்ட்டு வந்துர்றேம்மா” என்று கிளம்பினார். இரண்டு இட்லி, ஒரு சர்க்கரை மாத்திரை. அவ்வளவுதான் வயிற்றில். பதினொன்றுக்குப் போன் அடித்தேன்; அணைந்திருந்தது. பன்னிரண்டுக்கும் அப்படியே. மாசி மாதம் இதே மாதிரி சர்க்கரை இறங்கி அவர் கோயில் வாசலில் சரிந்தது நினைவுக்கு வந்தது. அப்போது அவரோடு ஆள் இருந்தது. இன்று எங்கே, யார் பக்கத்தில் விழுந்து கிடக்கிறார் என்று தெரியவில்லை.

நானே அறிவிப்பு எழுதினேன். ‘என் அப்பா அழகேசனைக் காணவில்லை. வயது 71. மாநிறம், வழுக்கை, மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. சர்க்கரை நோயாளி. பார்த்தவர்கள் உடனே அழைக்கவும்.’ போனில் அவர் பெயரில் சேமித்திருந்த மூன்று போட்டோக்களைச் சேர்த்துக் குழுவில் போட்டேன். பன்னிரண்டே முக்காலுக்கு அது எங்கள் குழுவைத் தாண்டி ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று பரவத் தொடங்கியது. ரேகாவின் கணவர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். ரேகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குறை சொல்லக் கூடாது, நல்ல மனுஷி.

ஒன்றேகாலுக்கு ஒரு படம் வந்தது. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் மயங்கிக் கிடக்கிறார், பேச முடியவில்லை என்று யாரோ மாணவர்கள் அனுப்பியிருந்தார்கள். அடுத்த நிமிஷமே குழுவில் ‘அவரேதான்’, ‘அதே சட்டை’, ‘கடவுள் இருக்கிறார்’ என்று வரிசையாக வந்தது. ரேகாவும் படத்தைப் பார்த்துவிட்டு, “லாவண்யா, அவர்தான், அதே வழுக்கை, அதே கண்ணாடி” என்றார். வழக்கமாக என்னை அழைத்துப் போகும் ஆட்டோக்கார வெங்கட் வாசலில் வந்து ஹாரன் அடித்தான். நான் செருப்பைத் தேடினேன். அந்த வெயிலில், அந்தப் போக்குவரத்தில், வேலப்பன்சாவடி போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆகும்.

அதற்குள் சுப்பராயன் சார் மாடியிலிருந்து வந்து நின்றார். மூச்சு வாங்குவது கேட்டது.

“சார், படத்துல என்ன இருக்கு, சொல்லுங்க” என்றேன்.

“வயசானவர்மா. வெள்ளைச் சட்டை. வழுக்கை. கண்ணாடி போட்டிருக்கார். கண்ணியமா…”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. “கண்ணியத்தை வெச்சுகிட்டு நான் எங்கப்பாவை எப்படி சார் கண்டுபிடிக்கிறது? வழுக்கையும் கண்ணாடியும் இந்த ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு” என்று கத்தினேன்.

திரையில் விரல் தேய்க்கும் ஓசை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க அனுப்பின மூணு போட்டோவையும் பார்த்தேன். ஒண்ணுல வலது கை பாக்கெட்டுக்குள்ள. ஒண்ணுல முதுகுக்குப் பின்னாடி. மூணாவதுல துண்டுக்கு அடியில. மூணுலயும் அந்தக் கை தெரியல. அந்தக் கையில ஏதாவது குறை இருக்கா?”

நைனா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். இரும்புத் தகட்டை வெட்டி எடுக்கும் இயந்திரம் அது. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஒரு நாள் அவருடைய வலது கை உள்ளே போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதே கிடையாது. விருந்தில் அவர் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். எனக்குப் பார்வை போன பிறகு நான் பிடித்து நடக்க எப்போதும் இடது கையைத்தான் கொடுத்தார். போட்டோக்களில் அந்தக் கையை மறைப்பார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அறிவிப்பு எழுதும்போது அந்த விரல்கள் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தன. எழுதவில்லை. மற்றவர்களிடம் ஒளிவுமறைவில்லாத விவரணை கேட்டு ஒரு வருஷமாகச் சண்டை போட்டவள், என் அப்பாவைப் பற்றி எழுதும்போது நாலு பேர் பார்ப்பார்களே என்று மூடி மறைத்திருந்தேன்.

“பிரஸ்ல போச்சு சார். ரெண்டு விரல்” என்றேன்.

அவர் மறுபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. தொழிற்சாலையில் இப்படித்தான் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். “வலது கை வயித்து மேல இருக்கு. அஞ்சு விரலும் முழுசா இருக்கு. நகத்தோட. மணிக்கட்டுல சிவப்புக் கயிறு. இது உங்க அப்பா இல்லம்மா.”

“நல்லா பாத்துச் சொல்லுங்க சார், இவ்ளோ பேர் அவர்தான்னு சொல்றாங்க” என்றார் ரேகா. வாசலிலிருந்து வெங்கட், “இன்னாக்கா, போலாமா வாணாமா?” என்று கேட்டான்.

எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். குழுவில் நாற்பது பேர் அவர்தான் என்கிறார்கள். இவர் ஒருத்தர் இல்லை என்கிறார். தப்பாக முடிவெடுத்தால் நைனா ஒரு பஸ் ஸ்டாப்பில் கிடக்க, நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்த நாற்பது பேரும் பார்த்தது சட்டையை. இவர் பார்த்தது கையை.

“வாணாம் வெங்கட். அது நைனா இல்ல” என்றேன். அந்தப் பெரியவருக்கு ஆம்புலன்ஸ் சொல்லும்படி மாணவர்களுக்கு ரேகா போன் செய்தார். அவர் போரூர்க்காரர் என்றும், மகன் வந்து அழைத்துப் போனார் என்றும் மறுநாள் தெரிந்தது.

புது அறிவிப்பை நான் சொல்லச் சொல்ல சார் தட்டச்சு செய்தார். முதல் வரியே அதுதான்: ‘வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருக்கும்.’ எழுதி முடித்ததும் அவர் கை நின்றுவிட்டது.

“போட்டுடட்டுமாம்மா? எல்லாரும் படிப்பாங்க.”

“போடுங்க சார்.”

வெங்கட் அதை எல்லா ஆட்டோ ஸ்டாண்டு குழுக்களுக்கும் தள்ளிவிட்டான். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. சரசா மாமி மோர் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. மணி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ரேகா இரண்டு மூன்று நிமிஷம்தான் கூட்டிச் சொன்னார்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குப் போன் ‘போட்டோ’ என்றது. திருமழிசையிலிருந்து உத்தமன் என்று ஒருவர் அனுப்பியிருந்தார்.

“சார்” என்றேன்.

“டீக்கடை பெஞ்சும்மா. ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். ஊதாச் சட்டை, கண்ணாடி இல்ல. இதெல்லாம் நீங்க சொன்னதோட சேரல.” அவர் நிறுத்தாமல் மேலே சொன்னார். “வலது கையில டீ கிளாஸ். கட்டைவிரலும் மோதிர விரலும் கிளாஸைப் பிடிச்சிருக்கு. சுண்டு விரல் அடியில தாங்குது. ஆள்காட்டி விரல் பாதியில முடியுது. நடுவிரலும் அப்படித்தான்.”

எனக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் என் கையில் காப்பி டம்ளரைக் கொடுக்கும் கை அது. சுண்டு விரல் அடியில் இருக்கும். நான் வாங்கும்போது அதைத் தொட்டுத்தான் வாங்குவேன்.

“எங்க நைனா” என்றேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

உத்தமனின் எண்ணுக்கு ரேகா போன் போட்டுக் கொடுத்தார். “அக்கா, பயப்படாத. நைனா இங்கதான் கீறாரு” என்றது ஒரு கட்டைக் குரல். “நல்லா சக்கரை போட்டு டீ குட்துட்டேன், பன்னு துன்னாரு. இப்ப தெளிஞ்சிட்டாரு. மொதல்ல வந்த மெசேஜும் பாத்தேன்கா. வெள்ளச் சட்டை, கண்ணாடின்னு போட்ருந்துச்சு. இவரு பக்கத்துலயே குந்திகினு கீறாரு, எனக்குத் தோணவே இல்ல. ரெண்டாவது வந்துச்சு பாரு, அத்தப் படிச்சிட்டு கையப் பாத்தேன். நம்மளும் பிரஸ் ஷாப்புதான்கா. பாத்தா தெரியாதா?”

பிறகு நைனாவே பேசினார். கண்ணாடிக் காம்பு உடைந்ததால் அம்பத்தூரில் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாராம். பூந்தமல்லியில் இறங்கி, கண்ணாடி இல்லாமல் பஸ்ஸின் பெயர்ப் பலகை தெரியாமல் வேறொன்றில் ஏறியிருக்கிறார். ஊதாச் சட்டை அண்ணன் மகன் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்தது; வழக்கமான வெள்ளைச் சட்டைதான் என்று நினைத்து நான் எழுதியிருந்தேன். “போன்ல சார்ஜ் இல்லம்மா. சாப்ட்டியா?” என்று என்னைக் கேட்டார். நான் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

வெங்கட் போய் அவரை அழைத்துவந்தபோது நாலரை ஆகிவிட்டது. சட்டையைப் பிடித்துப் பார்த்தேன், தோளைப் பிடித்துப் பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன், நூற்று நாற்பது. சோறு போட்டேன். அவர் இரண்டாம் தடவை ரசம் கேட்டபோது எனக்குள் இருந்த பயமெல்லாம் வடிந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு இலேசாக இருந்தது. சுப்பராயன் சார் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. நாற்பது வருஷமாக அவர் பாக்கெட்டில் வைத்திருந்ததை நான் ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறேன். பிறத்தியார் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

“நைனா, உன் வெரலப் பத்தி எழுதித்தான் அனுப்பினேன். எல்லாரும் படிச்சிட்டாங்க.”

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “இன்னான்னு எழுதின? படி, கேப்போம்.”

போனை எடுத்து வாசிக்க விட்டேன். அந்தக் குரல் எந்தத் தயக்கமும் இல்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தது. சுப்பராயன் சார் எழுந்திருக்கப் பார்ப்பதை நாற்காலி காட்டிக்கொடுத்தது.

“யார் எழுதினது?”

“நான் சொன்னேன். சார்தான் எழுதினார்” என்றேன்.

நைனா கை கழுவிவிட்டு வந்தார். நாற்காலியை இழுத்துச் சாருக்கு எதிரில் போட்டார். மேஜை மேல் ஒரு கையை விரித்து வைக்கும் ஓசை கேட்டது. எந்தக் கை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மோதிர வெரல்ல நகமும் கெடையாது சார், அத்த உட்டுட்டீங்க” என்றார். “நல்லா பாத்து எழுதுங்க.”